பதினைந்து கொத்து நெல்லும் ஒரு நாயும்

எனக்கு நாய்களைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் ஊரில் சிலர் என்னை நாய்ப் பிரியன் என்று நினைத்துக்கொண்டு, எந்த நாய் எங்கே குட்டி போட்டிருக்கிறது என்று வழியில் மறித்துத் தகவல் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்போது நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது சாய்ந்தமருதில், மனைவியின் வீட்டில். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு, வளவு, கிணறு, கோழிக்கூடு எல்லாம் மனைவியின் பெயரில் இருக்கும். ஆகவே அந்த வளவுக்குள் நான் எதைக் கொண்டுவந்தாலும் சொந்தக்காரியிடம் கேட்டாக வேண்டும். பின்பக்கத்தில் சின்ன வீடொன்றில் மாமி இருந்தார். வளவை மகளின் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றாலும், அவரிடமும் கேட்பதே நல்லது.

பாடசாலைக்கு நான் சைக்கிளில் போகும் குறுக்குப் பாதை ஒரு நெல் ஆலையின் பின்பக்கத்தால் போனது. ஆலைக்கு ஒரு காவல் நாய் இருந்தது. செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது. அது வேலையில் சுணக்கமில்லாத நாய். என்னை ஒவ்வொரு நாளும் குரைத்துத்தான் அனுப்பும். ஒரு தடவை சங்கிலி நீளமாக இருந்த நேரம் பார்த்து என் காற்சட்டையின் வலது காலை முழங்கால் வரைக்கும் கிழித்துவிட்டது. அன்று முழுவதும் நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, வட்டங்களைப் பற்றிய பாடத்தை வாயாலேயே நடத்தினேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் ஆலையின் கூரை போயிற்று. ஆலைக்காரர் சில மாதம் பார்த்துவிட்டு, இயந்திரங்களைக் கழற்றி லொறியில் ஏற்றி இறக்காமத்துப் பக்கம் கொண்டுபோய்விட்டார். காவல்காரன் கொஞ்ச நாள் இருந்தான். பிறகு அவனும் வேறு வேலைக்குப் போனான். இவர்களில் யாருக்கும் நாயை அவிழ்த்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் அவிழ்த்திருப்பார் என்று நினைத்திருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை. ஆறு மாதம் நான் அந்தப் பாதையால்தான் போய்வந்தேன். நாய் தூணோடு கட்டிக் கிடந்தது, குரைத்தது, நான் வேகமாக மிதித்தேன். பக்கத்து வளவிலிருந்து யாரோ மீன் தலைகளை வேலிக்கு மேலால் எறிவதை இரண்டொரு தடவை கண்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் பின்னேரம் திரும்பி வரும்போது அது குரைக்கவில்லை. அடுத்த நாளும் குரைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் சைக்கிளை நிறுத்தினேன். இரக்கம் என்று சொல்ல மாட்டேன். வழக்கமாக நடக்கும் ஒன்று நடக்காமல் போனால் ஏன் என்று பார்ப்பது என் தொழில் பழக்கம். நாய் பக்கவாட்டில் கிடந்தது. விலாவெலும்புகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். சங்கிலி கழுத்துத் தோலுக்குள் போய், அதன்மேல் தோல் வளர்ந்து, அந்தப் புண்ணில் புழு நெளிந்தது. காதுக்குள் உண்ணிகள் திராட்சைக் குலை மாதிரி. என்னைப் பார்த்து உதட்டை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பல்லைக் காட்டியது. அந்த நிலையிலும் கடமையை விடவில்லை.

சந்தியில் சைக்கிள் திருத்துகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இரும்பு அறுக்கும் வாளை அவர் பிடிப்பது, நாயை நான் பிடிப்பது என்று ஒப்பந்தம். அவர் அறுத்து முடிக்க அரை மணித்தியாலம் ஆயிற்று. முடிந்ததும் தூரத்தில் நின்று கை கழுவிக்கொண்டே, "இப்ப இத என்ன செய்யப் போறீங்க சேர்?" என்று கேட்டார். நான் அதைப் பற்றி அதுவரை யோசிக்கவில்லை. சாக்கொன்றில் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்து, ஒரு கையால் பிடித்தபடி உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி வேலிக் கடப்படியில் நின்றார். சாக்கைப் பார்த்தார். அதிலிருந்து வெளியே நீட்டியிருந்த காலைப் பார்த்தார். போய், கொடியில் காய்ந்த தொழுகைப் பாய்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"எத்தின நாளைக்கி?"

"மூணு நாள்."

உண்மையில் நான் அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் செத்துவிடும் என்பது என் கணிப்பு. அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். வேலியோரத்து விறகுக் கொட்டிலைக் காட்டினார். விறகை எடுத்து அடுக்கிவிட்டு, கொட்டிலுக்கு முன்னால் ஒரு தும்புக் கயிற்றைக் கட்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாய், இந்தப் பக்கம் வீடு. நாய்க்கென்று ஒரு தகரப் பேணி, ஒரு பழைய வாளி. எனக்கென்று ஒரு பழைய சாரன். அந்தப் பக்கம் போகும்போது உடுத்துவது, வரும்போது கழற்றுவது. ஒரு பெட்டியில் சுத்தமான மண். நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். எங்கள் மார்க்கச் சட்டம் அது. காய்ந்த நாயைக் காய்ந்த கையால் தொட்டால் பிரச்சினை இல்லை என்று பள்ளிவாசல் மௌலவி எனக்கு விளக்கமாகச் சொன்னார். ஆனால் இந்த நாய் ஒரு பொழுதும் காய்ந்திருக்கவில்லை. ஒரு பக்கம் சீழ் வடிந்தது, மறுபக்கம் வாயால் நீர் ஒழுகியது.

மௌலவியிடம் மாமிதான் என்னை அனுப்பினார். மாமி மூன்று நாள் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளவில்லை. அடுத்த வளவில் அள்ளிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாங்கள் காணும்படியாக முன்வாசலால் போனார். மௌலவி நிதானமான ஆள். நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார். சும்மா ஆசைக்கு நாய் வளர்ப்பது கூடாது, காவலுக்கும் வயலுக்கும் வைத்திருக்கலாம் என்றார். கிணற்றுத் தண்ணீருக்கு ஒன்றுமில்லை என்றார். நான் வந்து மாமியிடம் இது காவல் நாய் என்று அறிவித்தேன். மாமி கொட்டிலை எட்டிப் பார்த்தார். காவல் நாய் தலையைத் தூக்க முயன்று முடியாமல் மறுபடி வைத்துக்கொண்டது. மாமி குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கிணற்றுக்குப் போனார்.

நாயை நிரந்தரமாக வைத்திருக்கும் எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை. காரைதீவில் எனக்கொரு நண்பர் இருந்தார். அவரும் ஆசிரியர், தமிழர். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். ஊருக்கு மேற்கே அவருக்கு வயல் இருந்தது. பன்றியும் கட்டாக்காலி மாடும் பயிரை அழிப்பதால் நல்ல நாயொன்று தேடிக்கொண்டிருந்தார். செய்தி அனுப்பியதும் சைக்கிளில் வந்து, கொட்டிலுக்குள் குந்தியிருந்து, என்னைப் போல முகத்தைச் சுளிக்காமல் நாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் குட்டி போட்ட நாயொன்று இருப்பதால் இந்த நோயை அங்கே கொண்டுபோக முடியாது என்றார்.

"சுகமாக்கித் தாங்க. நான் கொண்டு போறன்" என்றார். இரவல் கேட்ட புத்தகத்தைப் பற்றிப் பேசுவது போலிருந்தது.

தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் புண்ணில் ஊற்றச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ஊற்றியதும் புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஈர்க்கிலால் எடுத்துப் போட்டோம். நூறு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். கோழிகள் கயிற்றைப் பொருட்படுத்தாமல் வந்து மீதியைக் கவனித்துக்கொண்டன.

நான்காம் நாள் நாயின் மூத்திரம் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போயிற்று. பல் முரசு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. கல்முனையில் அரசாங்க மாட்டு டொக்டரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்து ஆள். நாய்க்காக ஒரு முஸ்லிம் வாத்தியார் வந்ததை அவர் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உண்ணிக் காய்ச்சல் என்றார். மாட்டுக்குப் போடும் மஞ்சள் மருந்து இருக்கிறது, நாய்க்கும் போடலாம், ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும் என்றார்.

"நிறை என்ன?"

தெரியாது என்றேன்.

"நிறை தெரியாமல் போடேலாது மாஸ்டர். கூடினால் நாய் செத்துப் போகும். குறைஞ்சால் காய்ச்சல் சாகாது."

நாளைக்குக் காலையில் வருவதாகவும் அதற்குள் நிறுத்து வைக்கும்படியும் சொன்னார். இது சொல்வதற்கு இலகுவான விஷயம். ஊரில் நெல் கொள்வனவு செய்யும் இடத்தில் பெரிய தராசு இருந்தது. அங்கே வேலை செய்பவர் என் பழைய மாணவரின் வாப்பா. விஷயத்தைச் சொன்னதும் மிக மரியாதையாகத் தராசுக்கு முன்னால் வந்து நின்று அதை மறைத்துக்கொண்டார். மீன் சந்தையில் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

வழி கண்டுபிடித்தவர் என் மனைவி. ஒரு புசல் நெல் நாற்பத்தாறு இறாத்தல், ஒரு புசலுக்கு முப்பத்திரண்டு கொத்து. இது எங்கள் ஊரில் குமர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. நான் தராசைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன். அவர் வீட்டுக்குள் போய் நெல் அளக்கும் கொத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

மாமரக் கொப்பில் நீளமான கமுகங் கம்பொன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். கம்பின் நடுவை நான் அடிமட்டத்தால் இரண்டு தரம் அளந்து கீறினேன். ஒரு முனையில் நாய் இருந்த சாக்கு. மறு முனையில் நெல் போடுவதற்கு இன்னொரு சாக்கு. சாக்கும் சாக்கும் சமனாக இருக்க வேண்டுமே என்பதற்காக இரண்டையும் ஒரே அளவில் தேடி எடுத்தோம். மனைவி ஒவ்வொரு கொத்தாகத் தலை தட்டி ஊற்றினார். நான் எண்ணினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து தலைகள் முளைத்திருந்தன. பத்துக் கொத்துக்கும் கம்பு அசையவில்லை. பதின்மூன்றில் கொஞ்சம் எழும்பியது. பதினைந்தாவது கொத்தில் நேராக நின்றது. நாய் அந்தரத்தில் தொங்கியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

மறுநாள் காலை டொக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் நான், "பதினைஞ்சு கொத்து" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தலை தட்டினதோ, கூம்பினதோ?" என்று கேட்டார்.

"தலை தட்டினது."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் பெருக்கி, இருபத்தொன்றரை இறாத்தல் என்று எழுதி, அதற்கேற்ப மருந்தை ஊசியில் எடுத்தார். அந்த வயது நாய் நாற்பது இறாத்தலாவது இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பாதி நாய் போய்விட்டிருந்தது.

அந்த நெல்லில் நாய் படவேயில்லை என்று மாமிக்கு நான் படம் கீறி விளக்கினேன். மாமி படத்தை ஏற்றுக்கொண்டார். நெல்லைக் கோழிக்குப் போட்டுவிட்டார்.

ஊசி போட்டு இரண்டு நாள் நாய் கொஞ்சம் தெளிந்தது. நானும் பாடசாலையில் கொஞ்சம் சத்தமாகப் படிப்பித்தேன் என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் மறுபடி விழுந்தது. இந்த முறை வாயருகே கஞ்சியைக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பவில்லை. திருப்புவதற்கும் பலமில்லை. கரண்டியால் ஊற்றினால் மறுபக்கத்தால் வழிந்தது. டொக்டர் வந்து கண் மடலைப் புரட்டிப் பார்த்தார். ஒரு வாரம் கழித்துத்தான் அடுத்த ஊசி போடலாம், அது வரைக்கும் உடம்பில் நீர் இருக்க வேண்டும், மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இளநீரும் குளுக்கோஸும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்து, விட்டுவிடுவதென்றாலும் பிழையில்லை, தன்னிடம் அதற்கும் மருந்து இருக்கிறது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் போன பிறகு நான் கொட்டிலுக்குள் குந்தியிருந்தேன். என் கணிப்பின்படி இந்த நாய் ஐந்து நாளைக்கு முன்னமே செத்திருக்க வேண்டும். அதைப் பிழையாக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததை இப்போது ஊசி போட்டு முடிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் வாயால் ஊற்றும் வழியும் தெரியவில்லை.

மனைவி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கையில் ஒரு பால் போத்தல் இருந்தது. சூப்பியோடு, சுடுநீரில் அவித்த ஈரத்தோடு. எனக்கு அதைத் தெரியும். போன வருடம் அவரே கல்முனைக் கடையில் தேடி வாங்கியது. அலுமாரியின் மேல் தட்டில், சின்னச் சட்டைகள் மூன்றும் ஒரு துவாயும் இருந்த பெட்டியில் கிடந்தது. அந்தப் பிள்ளை பிறந்து ஒரு நாள் கூட இருக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பெட்டியை நாங்கள் இருவரும் திறந்ததில்லை, அதைப் பற்றிக் கதைத்ததுமில்லை.

"சும்மாதானே கிடக்கு" என்றார்.

சூப்பியின் ஓட்டையைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் பெரிதாக்கினார். கயிற்றைத் தாண்டி முதல் தடவையாக அந்தப் பக்கம் வந்தார். கைகளில் பொலித்தீன் பைகளை மாட்டி, மணிக்கட்டில் றப்பர் போட்டிருந்தார். நாயின் தலையைச் சரித்துக் கடைவாய்ப் பக்கமாகச் சூப்பியை வைத்தார். இளநீர் சொட்டுச் சொட்டாகப் போயிற்று. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொண்டை ஒரு தரம் அசைந்தது. அவர் என்னைப் பார்க்காமல், அடுத்த இளநீரை வெட்டி வைக்கச் சொன்னார். நான் போய் வெட்டினேன். வெட்டி முடிய, தேவைக்கு மேலாக இன்னும் இரண்டை வெட்டினேன்.

அந்த ஒரு வாரமும் நான் பாடசாலையிலிருந்த நேரமெல்லாம் அவர்தான் கொடுத்தார். ஒவ்வொரு தரமும் கைகளைக் கழுவினார். பொலித்தீன் பை போட்டிருந்தும் கழுவினார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக் கழுவுவார். மண் போடுவது முதலாவதில். அவருடைய விரல் நுனிகள் வெடித்துப்போயின. அதைப் பற்றி முறைப்பாடு சொல்லவில்லை, தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்ததும், எத்தனை மணிக்கு எத்தனை அவுன்ஸ் போனது என்று ஒப்புவிப்பார். மற்றபடி அந்த வாரம் நாங்கள் வேறொன்றும் பெரிதாகப் பேசியதாக ஞாபகமில்லை. ஆனால் அதுவே முந்திய ஒரு வருடத்தில் பேசியதை விட அதிகம்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு மூத்திரம் தெளிந்தது. சில நாளில் நோன்பு தொடங்கியது. நாய் அப்போதுதான் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தது. டொக்டரின் சொற்படி நாளுக்கு நாலு தரம் கொடுக்க வேண்டும். ஆகவே ஊரெல்லாம் அடுப்பு அணைந்திருக்கும் பகல் நேரத்தில் எங்கள் குசினியிலிருந்து மட்டும் புகை எழும்பியது. சூடை மீன் அவியும் மணமும் எழும்பியது. முதல் கிழமையிலேயே அடுத்த வளவுப் பெண் மாமியிடம் வந்து, மகளுக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா, நோன்பு பிடிக்கவில்லையா என்று அக்கறையாக விசாரித்தார்.

மாமி நேரே குசினிக்கு வந்தார். அன்று விடுமுறை, நானும் வீட்டிலிருந்தேன். மகள் வாயைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, மணம் பிடிக்காதபடி முகத்தைத் திருப்பியபடி கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார். மாமி பானைக்குள் பார்த்தார்.

"உப்புப் போட்டயா?"

"நாய்க்கி உப்புக் கூடாதாம் உம்மா."

"அப்ப நல்லம்" என்றார் மாமி. "நோன்போட ருசி பாக்கவும் ஏலா."

பிறகு வேலியருகே போய், இங்கே நோன்பு பிடிக்காத ஒரு சீவன்தான் இருக்கிறது, அது நாய் என்று அடுத்த வளவுக்குக் கேட்கும்படி அறிவித்தார். அது முழுத் தெருவுக்கும் கேட்டது.

நாய் எழுந்து நின்ற நாளில் நான் வீட்டில் இல்லை. மனைவி சொல்லித்தான் தெரியும். எழுந்தது, இரண்டடி வைத்தது, கயிறு வரைக்கும் வந்து அங்கேயே நின்று வளவைப் பார்த்ததாம். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடப்பால் நுழைந்ததும் குரைத்தது. கரகரவென்று, இருமல் மாதிரி ஒரு குரைப்பு. ஒரு மாதமாகச் சீழ் துடைத்தவனை அது ஆலைப் பாதையில் போகிற ஆளாகவே வைத்திருந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. நின்று முழுவதையும் கேட்டேன்.

உடம்பு தேறத் தேற ஒரு புதுப் பிரச்சினை வந்தது. பள்ளியில் பாங்கு சொன்னால் நாய் வானத்தைப் பார்த்து ஊளையிட்டது. எல்லாப் பாங்குக்கும் இல்லை. பின்னேர அசருக்கும் அதை அடுத்த மஃரிபுக்கும். ஒலிபெருக்கியின் கரகரப்பு அதன் காதுக்கு ஒத்துவரவில்லையோ என்னவோ. பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மார் இருவர் வந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து, நேரடியாக நாயைப் பற்றிப் பேசாமல், சூறாவளியில் விழுந்த தென்னைகளைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் கதைத்துவிட்டு, எழும்பும்போது, பெருநாளைக்குப் பிறகும் இது இங்கேதானா என்று கேட்டார்கள். போய்விடும் என்றேன். அது வரைக்கும்? யோசித்துச் செய்கிறோம் என்றேன்.

வாயில் சாப்பாடு இருந்தால் அது ஊளையிடுவதில்லை என்று மனைவி கண்டுபிடித்தார். ஆகவே நாயின் சாப்பாட்டு நேரங்கள் தொழுகை நேரங்களோடு ஒட்டிக்கொண்டன. அசருக்கு ஒரு சோற்றுருண்டை. மஃரிபுதான் கஷ்டம். அதே நேரத்தில்தான் நாங்கள் நோன்பு திறக்க வேண்டும். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் காத்திருக்க, ஒருவர் கொட்டிலடியில் பேணியோடு நிற்பார். ஒலிபெருக்கி கிறீச்சிட்டதும் முதலில் நாய்க்கு, பிறகு எங்களுக்கு. கடைசிப் பத்து நோன்பில் அந்த இடத்தில் நின்றவர் மாமி. தன் வயதுக்கு ஒரு நிமிடம் பிந்தித் திறப்பதில் கஷ்டமில்லை என்றார்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் நண்பர் வந்தார். ஒரு புதுக் கயிறும், கழுத்துக்கு மெத்தென்ற துணிப் பட்டியும் கொண்டுவந்திருந்தார். நாய் அவரைக் குரைத்தது, மணந்தது, பிறகு அவருடைய சைக்கிள் சில்லில் காலைத் தூக்கியது. நண்பர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மனைவி கயிற்றடியில் நின்று, உப்புப் போடக் கூடாது, கருவாடு கூடாது, முதுகில் இன்னும் ஒரு இடத்தில் தோல் வரவில்லை, அங்கே எண்ணெய் பூச வேண்டும், பின்னேரத்தில் பசி கூடும், பொறுக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நண்பர் எல்லாவற்றுக்கும் "ஓம்", "ஓம்" என்றார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். நாய் பக்கத்தில் நடந்தது. ரோட்டில் ஏறும்போது திரும்பிப் பார்க்கும் என்று நான் எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. கோழியொன்று குறுக்கே போக, அதைப் பார்த்தது.

மனைவி கொட்டிலைக் கழுவத் தொடங்கினார். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஊற்றினார். ஐந்தில் நின்றார். மறந்துபோச்சு என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். அவர் எண்ணிக்கை மறக்கிற ஆள் இல்லை. நான் இன்னும் ஐந்து வாளி கூட அள்ளினேன்.

அடுத்த வருடம் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு நாலு வயதாகும் வரைக்கும் வருடத்தில் இரண்டு மூன்று தரம் அறுவடைக் காலத்தில் நண்பரின் வயலுக்குப் போய்வந்தோம். நாய் ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்துக் குரைத்தது. மனைவியைப் பார்த்துக் குரைத்ததில்லை. அவர் அதைத் தொட்டதுமில்லை. வரம்பில் ஐந்தடி இடைவெளியில் இருவரும் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

எண்பத்தைந்தில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் குழப்பம் வந்தது. சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் நடந்து போகிற தூரந்தான். ஆனால் அந்தத் தூரத்தை யாரும் நடக்கவில்லை. நண்பர் குடும்பத்தோடு திருக்கோவில் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். கடிதம் போடவும் பயமாக இருந்தது. யாருடைய கையில் கிடைக்கும், கிடைத்தவன் என்ன நினைப்பான் என்று தெரியாது. மனைவி ஒரு தரம், "அந்த ஆக்கள் எப்பிடியோ" என்றார். நாய் எப்படியோ என்று கேட்கவில்லை. மனிதர்கள் வீடு வாசலை இழந்து கிடக்கும் நேரத்தில் அப்படிக் கேட்பது அவருக்கு முறையாகப் படவில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான்.

அடுத்த வருடம் மட்டக்களப்பில் பரீட்சை விடைத்தாள் திருத்தப் போனபோதுதான் நண்பரைக் கண்டேன். ஒரே மண்டபம், நாலு மேசை தள்ளி. தேநீர் நேரத்தில் எழுந்து வந்தார். தலை நரைத்திருந்தது. கையைப் பிடித்தார். இருவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. இரண்டு பேரின் ஊரிலும் செத்தவர்கள் இருந்தார்கள்.

பிறகு அவர் நாயைப் பற்றிச் சொன்னார். வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று அதைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார்களாம். பட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டதாம். நேரமில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கதவு இல்லை, ஓடுகள் இல்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை. செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வளவுக்குள் இறங்கினாராம்.

"வாசலுக்கு நேரே படுத்துக் கிடக்கு" என்றார். "நல்லாக் கொழுத்து. எங்களப் பாத்துக் குரைச்சிச்சு. அவ்வளவு நாளும் ஆர் சோறு வெச்ச எண்டு தெரியா மாஸ்டர். எல்லாரிட்டயும் விசாரிச்சுப் பாத்துட்டன். ஒருத்தரும் சொல்லுறாங்க இல்ல."

எங்கள் ஊர் ஆளாக இருக்கலாம், அவர்களுடைய ஊர் ஆளாக இருக்கலாம், ரோந்து போன ஆமிக்காரனாகவும் இருக்கலாம். மணி அடித்தது, இருவரும் மேசைக்குப் போனோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, சோறு வைத்தவர்கள் உப்பில்லாமல் வைத்திருப்பார்களா என்று கேட்டார். அது நண்பருக்கும் தெரியாது என்றேன்.